மதராஸ் ரெஜிமெண்ட்: வெலிங்டன், நீலகிரி

1758-ஆம் ஆண்டில், பிரெஞ்சுச் சேனையின் முற்றுகையை எதிர்நோக்கிச் சென்னைப் பட்டணம் கலங்கியிருந்த தருணத்தில், அதுவரை சிதறிய கூட்டங்களாகச் சேவகம் புரிந்த சிப்பாய்களை ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் என்னும் ஆங்கிலத் தளபதி பட்டாளங்களாக ஒழுங்குபடுத்தியதிலிருந்து தொடங்குகிறது, பாரத ராணுவத்தின் காலாட்படைகளுள் மிகத் தொன்மை வாய்ந்த இப்படையின் சரித்திரம்.

இங்கே காணும் இப்படையின் யானைச் சின்னம், 1803 செப்டம்பர் 23 அன்று ஆர்தர் வெல்லெஸ்லியின் தலைமையில் அஸ்ஸாயே களத்தில் மராட்டியப் பெரும்படையை எதிர்த்து நின்ற சென்னைச் சிப்பாய்களின் ஞாபகார்த்தமாக வந்தது. அந்த வெல்லெஸ்லியே பின்னர் வெலிங்டன் பிரபுவானார், ஜக்கதளா என்றிருந்த இவ்வூரும் அவர் பெயரை ஏற்றது. அஸ்ஸாயேக்கு மூன்றே ஆண்டுகள் கழித்து, புதிய தலைப்பாகையையும் மத அடையாளங்கள் மீதான தடையையும் சகியாமல் வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தெழுந்தவர்களும் இதே சென்னைச் சேனையினரே என்பதை, விசுவாசத்தை மட்டும் புகழும் பழைய ஏடுகள் விரைவாகக் கடந்துவிடும்.

பிற்காலத்தில், போர்க்குணம் சில ஜாதியாருக்கே உரியது என்ற ஆங்கிலேயரின் ஆதாரமற்ற கொள்கை வலுத்ததால் சென்னைப் பட்டாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் குறைக்கப்பட்டு, 1928-இல் கடைசிக் காலாட்படையும் கலைக்கப்பட்டது; மெசபொடேமியாவில் போரிட்டு மீண்ட முதிய சிப்பாய்கள், தங்கள் புதல்வர்கள் சேருவதற்குப் படையே இல்லாத காலத்தையும் கண்டனர். இரண்டாம் உலக யுத்தத்தின் அவசியம் அக்கொள்கையைத் தள்ளிவைக்கவே, படை மீண்டும் எழுந்து பர்மாவில் போரிட்டது. வெலிங்டனில் அமைந்த பயிற்சி நிலையத்தில், ஓய்வுபெற்ற படைவீரர்கள் தத்தம் பட்டாளத்தின் ஒன்றுகூடலுக்காக இன்றும் வந்து கூடுகின்றனர்.