பருப்பு வேகாத தண்ணீர்

துவரம் பருப்பை அடுப்பில் ஏற்றி ஒரு மணி நேரமாகியும் அது மசியவில்லை என்றால், நம் வீடுகளில் முதலில் பழி சுமப்பவர் மளிகைக் கடைக்காரர்; அடுத்தபடி சமைத்தவர். உண்மையான குற்றவாளியோ பாத்திரத்துக்குள்ளேயே கொதித்துக்கொண்டிருக்கிறது. அதுதான் தண்ணீர்.

மழை நீர் இயல்பில் மென்மையானது. அது மண்ணிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு பாறைகளினூடே இறங்கும்போது, கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புக்களைக் கரைத்துக்கொண்டு கடின நீராகிறது. கோயமுத்தூரில் இதைக் கண்கூடாகக் காணலாம். மலைக் காட்டிலிருந்து வரும் சிறுவாணி நீரில் சவுக்காரம் பொங்கி நுரைக்கும். அவ்வூர் ஆழ்குழாய்க் கிணற்று நீர் பலவற்றிலோ நுரைக்காமல் திரிந்துபோகும். நுரையாக வேண்டிய சவுக்காரம் கால்சியத்துடன் கூடி, கரையாத அழுக்காகத் துணியில் படிந்துவிடுகிறது. பருப்பின் திசுக்களையும் அதே கால்சியம் இறுக்கிவிடுகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் காரையாகப் படிந்து, உஷ்ணத்தைத் தடுத்து, எரிபொருளையும் மின்சாரத்தையும் வீணாக்குகிறது.

இவ்வளவு தொல்லை தரும் நீர் உடலுக்கும் தீங்கு செய்யுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தினால்தான் சக்திக்கு மீறிய விலை கொடுத்து இயந்திரங்களை வாங்குகிறார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் உடல்நலத்தை முன்னிட்டுக் கடினத்தன்மைக்கு எல்லை எதுவும் விதிக்கவில்லை. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. ஆகவே கடின நீர் பெரும்பாலும் உடலுக்குப் பகையன்று. சமையலுக்கும் சலவைக்குமே பகை.

பணம் செலவிடுமுன் நாம் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மூன்று சீசாக்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் மழை நீர், மற்றொன்றில் கிணற்று நீர், மூன்றாவதில் அதே கிணற்று நீரைப் பத்து நிமிஷம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, தெளிவாக இறுத்தது. மூன்றிலும் சம அளவு துணி சவுக்காரத் துருவலைப் போட்டுக் குலுக்குவோம். கொதித்த நீர் நன்றாக நுரைத்தால், அதிலிருந்தது தாற்காலிகக் கடினம். கொதிக்கவைத்து இறுத்தாலே அது பெரிதும் நீங்கிவிடும். அப்போதும் நுரைக்காவிட்டால் நிரந்தரக் கடினம் என்று அறியலாம். அது கொதிப்புக்கு அசையாது. படிகாரமும் இதற்கு உதவாது. அது கலங்கலைத் தெளியவைக்குமே தவிரக் கடினத்தை நீக்காது.

நிரந்தரக் கடினத்துக்குச் சலவைக்கு மட்டும் மலிவான பரிகாரம் உண்டு. வாளிக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து, சற்றுப் பொறுத்துச் சவுக்காரம் போட்டால் போதும். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது. இந்நீரைக் குடிக்கவும் கூடாது. பருப்புக்கு மட்டும் மழை நீரோ ஆற்று நீரோ ஒரு குடம் தனியாக வைத்துக்கொள்ளலாம். பருப்பை முன்கூட்டியே ஊறவைத்து, வெந்த பிறகே புளி சேர்ப்பது நலம். ஆப்பச் சோடா சீக்கிரம் வேகவைக்கும். ஆனால் பருப்பிலுள்ள பி1 வைட்டமினை அழித்துவிடும். காரை படிந்த பாத்திரத்துக்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ போதும்.

குழாய்களும் வெந்நீர்க் கருவியும் அடிக்கடி அடைபட்டால், ரெஸின் மணிகள் நிரப்பிய மென்னீர்க் கருவி பயன்படும். அது கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைத் தருகிறது. ஆதலால் உப்பைக் குறைக்கும்படி வைத்தியர் சொன்னவர்கள் அந்நீரைக் குடிக்கலாகாது. ஆர்.ஓ. இயந்திரமோ, நாவில் கரிக்கும் உவர் நீருக்கே உரியது. வீட்டில் வைக்கும் ஆர்.ஓ. பெரும்பாலும் தான் தரும் நீரைவிட அதிகமாக வெளியே தள்ளுகிறது. கடினம் ஒன்றுக்காக அதை வாங்குவது, கொசுவை விரட்ட வீட்டின் கூரையைப் பிரிப்பதற்கு ஒப்பாகும்.

எல்லாவற்றிலும் மென்மையான நீரை வானமே இலவசமாகத் தருகிறது. 2003-ம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் கட்டிடங்களுக்கு மழை நீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. அந்த நீர் முழுவதையும் மண்ணுக்குள் அனுப்புமுன், முதல் மழையில் கூரை கழுவப்பட்ட பிறகு, மூடியுள்ள தொட்டி ஒன்றில் சமையலுக்கும் சலவைக்கும் சிறிது பிடித்து வைப்போம். மளிகைக் கடைக்காரர் மீதும் சமைப்பவர் மீதும் வீண்பழி விழாமல் அது காக்கும்.