வாய் திறவாத மாணவனும் வகுப்பாசிரியரும்

வகுப்பில் ஒரு சிறுவன் நாள் முழுவதும் வாய் திறவாது அமர்ந்திருப்பானாயின், அவனை மந்தபுத்தியுள்ளவன் என்று முடிவு கட்டிவிடுவது எளிது. தன் தாய்மொழியில் அவன் பெருக்கலும் வகுத்தலும் பிழையின்றிச் செய்யவல்லவனா என்று எவரும் கேட்டறிவதில்லை. பல நாட்டு மக்கள் குடியேறி வாழும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், அரசுப் பள்ளி மாணவருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இன்னும் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர். நம் நாட்டினின்றும் சென்று அங்கே குடியமர்ந்தோரின் பிள்ளைகளும் இவர்களுள் உண்டு. பள்ளியில் சேர்க்கும்போது, வீட்டில் பேசும் மொழி எதுவென்று கேட்கும் படிவத்தில் பெற்றோர் 'தமிழ்' என்று எழுதினால், பிள்ளையின் ஆங்கில அறிவைப் பள்ளி சோதித்தறியும். இதனை இழிவெனக் கருதி 'ஆங்கிலம்' என்று எழுதிவிடுவது, பிள்ளைக்குக் கிடைக்கவேண்டிய உதவியைப் பெற்றோரே தடுப்பதாகும்.

அவ்வுதவி எளிதில் கிடைத்ததன்று. 1970-ஆம் ஆண்டையொட்டி சான் பிரான்சிஸ்கோ நகரப் பள்ளிகளில் ஆங்கிலம் அறியாத சீனப் பிள்ளைகள் 2,856 பேர் இருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 1,000 பேருக்கே தனியாக ஆங்கிலம் கற்பிக்கப்பட்டது. ஏனைய 1,800 பேரும் புரியாத மொழியில் பாடம் கேட்டுக்கொண்டிருந்தனர். பெற்றோர் தொடுத்த வழக்கு கீழ் நீதிமன்றங்களில் தோற்றது. உச்ச நீதிமன்றமோ 1974 ஜனவரி 21 அன்று, எல்லாருக்கும் ஒரே நூலும் ஒரே ஆசிரியரும் ஒரே பாடத்திட்டமும் அளித்துவிட்டதனால் மட்டும் சமத்துவம் உண்டாகிவிடாது என்று தீர்ப்பளித்தது.

இத்தகைய பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கத் தனி ஆசிரியர்கள் உள்ளனர். ஆயினும் பல பள்ளிகளில் அவர்களிடம் பிள்ளை இருப்பது நாளில் சிறிது நேரமே. எஞ்சிய பொழுதெல்லாம் கணித, அறிவியல், வரலாற்று ஆசிரியரிடந்தான். அவர்கள் ஆயத்தமாயிராவிடில் தனி ஆசிரியரின் உழைப்பும் வீணன்றோ? 1981-இல் காஸ்தனேடா வழக்கில், டெக்சாஸ் மாநிலத்து ரேமண்ட்வில் பள்ளிகளின் நிலையை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆராய்ந்தது. இருமொழியில் கற்பிக்கவேண்டிய ஆசிரியர்களுக்கு 100 மணி நேரப் பயிற்சியும், சுமார் 700 ஸ்பானியச் சொற்களுமே அளிக்கப்பட்டிருந்தன. இத்தனை சொற்களைக் கொண்டு எந்தப் பாடத்தை நடத்துவது! நல்ல திட்டம் ஏட்டில் இருந்தால் போதாது, நடத்தவல்ல ஆசிரியரும் வேண்டும் என்று நீதிமன்றம் வலியுறுத்தியது.

1990-இல் ஃபுளோரிடா மாநிலம் ஏற்ற நீதிமன்ற உடன்பாடு இன்னும் ஒரு படி மேலே சென்றது. இப்பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடம் நடத்துவோர் 300 மணி நேரமும், கணிதம், அறிவியல், சமூகவியல் நடத்துவோர் 60 மணி நேரமும், ஓவியம், இசை, உடற்பயிற்சி ஆசிரியர்கள் 18 மணி நேரமும் பயிற்சி பெறவேண்டும் என்றது. உடற்பயிற்சி ஆசிரியருக்குமா என்று நகைக்கவேண்டாம். ஆட்டத்தின் விதியை விளக்குவதும் மொழியால்தானே!

பயிற்சியில் கற்பவை எளியவையே. 'டேபிள்' என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். வீட்டில் அது மேசை. கணக்கில் வாய்ப்பாடு அல்லது அட்டவணை. நிலவியலில் நிலத்தடி நீர்மட்டத்தைக் குறிக்கும் தொடரிலும் அதுவே வந்து நிற்கிறது. மேசையை மட்டும் அறிந்த பிள்ளை திகைப்பதில் வியப்பென்ன? பாடம் தொடங்குமுன் இத்தகைய சொற்களை விளக்குதல், நீர் ஆவியாவதைக் கொதிக்கும் கெண்டியைக் கொண்டு காட்டுதல், கேள்வி கேட்டபின் சற்றுப் பொறுத்திருத்தல், முதலில் தாய்மொழியில் எழுதிப் பார்க்க விடுதல் ஆகியவை அவற்றுட் சில. உரத்துப் பேசினால் புரிந்துவிடும் என்பது வெறும் மயக்கம்.

மற்றொரு மயக்கமும் உண்டு. பிள்ளை தோழரோடு சரளமாகப் பேசக் கண்டவுடன், ஆங்கிலம் வந்துவிட்டது என்று உதவியை நிறுத்திவிடுவர். விளையாட்டுத் திடலின் ஆங்கிலம் ஏறத்தாழ 2 ஆண்டுகளில் வரும். பாடநூலின் ஆங்கிலம் கைவர 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும் என்பது கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்சின் ஆய்வு முடிவு. நம் ஊர் ஆங்கிலவழிப் பள்ளிகளின் ஆசிரியர்களும் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

வீட்டில் தாய்மொழியை விட்டுவிடுங்கள் என்று பெற்றோருக்குக் கூறும் ஆசிரியர் இன்னும் உளர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குக் குடியேறிய ஜெர்மானிய, போலந்துக் கத்தோலிக்கர் தம் பங்குப் பள்ளிகளில் சொந்த மொழியிலும் கற்பித்தனர். தமிழில் செபமாலை சொல்லுவதால் எப்பிள்ளையும் ஆங்கிலத்தில் பின்தங்குவதில்லை. ஆங்கிலம் அறியாத தாயோ பாட்டனாரோ ஆசிரியரைக் காணச் செல்லும்போது, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பள்ளியிடம் கேட்கலாம். தன்னைப் பற்றிய குறைகளைத் தானே மொழிபெயர்க்கும் சங்கடத்தைப் பிள்ளைக்கு வைக்கவேண்டியதில்லை.