பெயின்டரைக் கூப்பிடுவதற்கு முன் மொட்டை மாடிக்குப் போங்கள்

வீட்டை விற்பதென்று முடிவானதும் பெரும்பாலோர் முதலில் பேசுவது பெயின்டரிடம். பட்டி பார்த்து, இரண்டு கோட் அடித்து, கிரில் கேட்டுக்கு எனாமல் பூசிவிட்டால் வீடு புதிதாகத் தெரியும், கேட்ட விலை கிடைக்கும் என்ற நம்பிக்கை. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு வீட்டின் ஆயுளையும் விலையையும் தின்பது தண்ணீர். அதை நிறுத்தாமல் அடிக்கும் பெயின்ட், அடுத்த மழையோடு கொப்பளித்து உரிந்துவிடும்.

தண்ணீர் முதலில் நுழைவது மொட்டை மாடியில். கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஓர் அடுக்கு, அதன் மேல் தட்டோடு, மழைநீர்க் குழாயை நோக்கி வாட்டம். இதுதான் நம் ஊர் வீடுகளில் காலங்காலமாக உள்ள ஏற்பாடு. ஆண்டுகள் போகப் போகத் தட்டோட்டின் இடுக்குகளில் உள்ள பூச்சு உதிர்கிறது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் வெடிப்பு விழுகிறது. அந்த வெடிப்பில் ஓர் அரசங்கன்று முளைத்தால், மேலே கிள்ளி எறிந்தாலும் வேர் உள்ளேயே இருந்து வழியை அகலப்படுத்துகிறது. குழாய் வாயில் இலை அடைத்து மாடியில் தண்ணீர் தேங்கினால் மூன்று மாத மழைக்கும் அது உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். இறங்கிய இடம் ஒன்று, சீலிங்கில் கறை தெரிகிற இடம் வேறொன்று. கறைக்கு நேர் மேலே மட்டும் சிமென்ட் பூசிவிட்டு வருவதால் பல வீடுகளில் கசிவு நிற்பதே இல்லை.

நல்ல கான்கிரீட்டுக்குக் காரத்தன்மை உண்டு. உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்காமல் காப்பது அதுதான். ஈரமும் காற்றிலுள்ள கரியமில வாயுவும் சேர்ந்து அந்தக் காரத்தன்மையைக் குறைக்கின்றன. பெசன்ட் நகர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோரங்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். துரு, தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. சீலிங்கில் கம்பி ஓடும் திசையிலேயே நீளமாக வெடிப்பு தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். அந்த நிலையில், உதிரக்கூடிய பகுதியைக் கொத்தியெடுத்து, கம்பியைத் தேய்த்துத் துருநீக்கி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைப்பது ஓர் அறைக்கான வேலை. அப்படியே விட்டால் கம்பி மெலிந்து தளத்தையே மாற்ற வேண்டிய வேலையாகும். இரண்டுக்கும் செலவு கிட்டவே வராது.

குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில் ஈரம் படர்ந்தால், டைல்ஸ் இடுக்குகளையும் உள்ளே பதித்த குழாய்களையும் சந்தேகப்பட வேண்டும். தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரத்துக்கு உப்புப் பூத்துப் பூச்சு பொடியாக உதிர்ந்தால், அது நிலத்து ஈரம் சுவரில் ஏறும் ஓதம். அந்தப் பூச்சைச் செங்கல் தெரியும்வரை எடுத்துவிட்டு நீர்த்தடுப்புக் கலவையோடு புதிதாகப் பூசினால்தான் ஓரளவு கட்டுப்படும். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, மழைக்காலத்தில் மட்டும் அடிக்கடி விழுந்தால், வயரிங் செல்லும் குழாய்க்குள் தண்ணீர் போயிருக்க வாய்ப்பு அதிகம். தொல்லையாக இருக்கிறதே என்று அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைப்பு கொடுக்கிறார்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், அந்தத் தவறை ஒருநாளும் செய்யாதீர்கள். நிலைக்கால் ஓரத்தில் மண் கோடு ஏறினால் கரையான். அதுவும் ஈரத்தைத் தேடித்தான் வருகிறது.

இதற்கெல்லாம் காலமும் முக்கியம். கசிவு கண்ணில் படுவது ஐப்பசி, கார்த்திகையில். அப்போதே கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, போட்டோ எடுத்து வையுங்கள். ரிப்பேரை மாசி முதல் வைகாசி வரையிலான காய்ந்த மாதங்களில் செய்வதே நல்லது. பொங்கலுக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம், விட வேண்டியதில்லை. ஆனால் நனைந்த சுவர் தை பிறக்கும்போது முழுக்கக் காய்ந்திருக்காது. அந்தச் சுவரை மட்டும் விட்டுவைத்து, கசிவை அடைத்த பிறகு பூசலாம். மழைநீர்ச் சேகரிப்பு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. அன்று தோண்டிய தொட்டிகளில் பல இன்று மண் மூடிக் கிடக்கின்றன. புரட்டாசிக்குள் ஜல்லியையும் மணலையும் அள்ளிக் கழுவிப் போட்டால், மாடித் தண்ணீர் அஸ்திவாரத்தைச் சுற்றித் தேங்காது.

விற்கப் போகிறவர் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: விற்பது வீட்டையா, மனையையா? சென்னையின் பழைய குடியிருப்புப் பகுதிகளில் ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், நாற்பது ஆண்டுக்கு முன் கட்டிய தனிவீட்டைப் பெரும்பாலும் இடித்துக் கட்டத்தான் வாங்குகிறார்கள். அங்கே புது டைல்ஸும் மாடுலர் கிச்சனும் வீண் செலவு. எல்லை அளவும் பத்திரமும் சரியாக இருந்தால் போதும். குடியிருக்க வாங்குகிறவரின் கணக்கு வேறு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று விலைக்கு மேல் பெரும் தொகை அவர் கையிலிருந்து போகும். அதற்குப் பிறகு தளத்தை ரிப்பேர் செய்யப் பணம் இருக்காது என்ற பயத்தில்தான் அவர் கறையைக் காட்டி விலையை அடிக்கிறார். அவருக்காக ஃபால்ஸ் சீலிங் போட வேண்டாம். அதைப் பார்க்கும் அனுபவமுள்ளவர் எதை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் யோசிப்பார்.

மறைப்பதில் சட்டச் சிக்கலும் உண்டு. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆவது பிரிவில், வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை ஏதும் விற்பவருக்குத் தெரிந்திருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விடுவதை அந்தச் சட்டம் மோசடி என்றே குறிப்பிடுகிறது. சென்னையில் வீடு பார்க்க வருகிறவர்கள், '2015-ல இங்க தண்ணி வந்துச்சா? மிக்ஜாம் புயலப்போ எப்படி?' என்று கேட்காமல் போவதில்லை. வந்திருந்தால் வந்தது என்று சொல்லுங்கள். எவ்வளவு உயரம், எத்தனை நாள் நின்றது, பிறகு என்ன செய்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால், பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு வருபவர் உங்கள் மற்ற வார்த்தைகளையும் நம்புவார். வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுவந்து கொடுக்கும் ஒரு குடும்பத்துக்கு இந்த நேர்மை கிடைத்தே ஆக வேண்டும்.

ஓதத்தைப் போலவே பத்திரக் குறையும் விற்கும்போதுதான் வெளியே வருகிறது. பட்டா இன்னும் தாத்தா பெயரில். அப்பா இறந்தபின் வாரிசுச் சான்றிதழ் வாங்கவில்லை. மின் இணைப்பு ஒருவர் பெயர், சொத்துவரி இன்னொருவர் பெயர். அனுமதி வரைபடத்தில் தரைத்தளம் மட்டும், நிற்பதோ மாடி வீடு. வாங்குபவர் வங்கிக் கடன் வாங்கினால் வங்கியின் வழக்கறிஞர் தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றிதழையும் பார்ப்பார், பொறியாளர் வரைபடத்தையும் கட்டடத்தையும் ஒப்பிடுவார். பேசி முடித்த விலை அங்கே நின்றுபோவதுண்டு. பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெங்களூரிலும் இருக்க, பூட்டியே கிடக்கும் பெற்றோர் வீடுகளில் இரண்டு குறைகளும் சேர்ந்தே வளர்கின்றன. காற்றில்லாமல் சுவர் பூஞ்சை பிடிக்கிறது, வருடத்துக்கு வருடம் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் எண்ணிக்கை கூடுகிறது. அப்பா, அம்மா இருக்கும்போதே பட்டா பெயர் மாற்றத்தை முடித்துவிடுவது எல்லோருக்கும் நிம்மதி.

பணம் கைமாறும்போது சில கணக்குகள். முன்பணமாக இருந்தாலும் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. விற்பவர் இந்தியாவில் வசிப்பவராக இருந்து, விலை 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குபவர் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டுவார், அதை உங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த வீட்டின் லாபத்துக்கு வரி 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியதாக இருந்தால், இந்தியாவில் வசிப்பவர் பணவீக்கத்தைக் கழித்துவிட்டு 20 சதவீதம் கட்டும் வழியையும் தேர்ந்தெடுக்கலாம். இரண்டையும் போட்டுப் பார்த்துக் குறைவானதை எடுங்கள்.

லாபத்தைக் கணக்கிடும்போது வீட்டை மேம்படுத்திய செலவைக் கழிக்க முடியும். மாடி கட்டியது, ஆழ்துளைக் கிணறு போட்டது, சுற்றுச்சுவர் எழுப்பியது எல்லாம் இதில் வரும். வழக்கமான பெயின்டிங்கும் சில்லறை ரிப்பேரும் வராது. கணக்குக் காட்ட ரசீது வேண்டும். எனவே கொத்தனாருக்கும் கடைக்கும் கொடுத்த பணத்துக்கு இன்றிலிருந்தே பில் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு ஒரே ஃபைலில் வையுங்கள்.