மழை பெய்யும்போதும் தோட்டத்தில் உட்காரணுமா? ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

சொந்த வீடு கட்டும்போது பின்பக்கம் கொஞ்சம் இடம் விட்டு, நாலு செடி வைத்து, ஒரு கல் பெஞ்ச் போடணும் என்பது பலருடைய ஆசை. ஆனா நம்ம பக்கத்து வெயிலுக்கு மார்ச் முதல் செப்டம்பர் வரை பகலில் அந்த பெஞ்சில் உட்கார முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலை மேல் மேகம் இறங்கி, ஊரே குளிர்ந்து கிடக்கும் அக்டோபர், நவம்பரில் உட்காரலாம் என்றால் பெஞ்ச் ஈரமா இருக்கும். ஆக, வருஷத்தில் ரொம்ப நல்ல நாட்களில்தான் தோட்டம் சும்மா கிடக்குது.

மேலே ஒரு ஷீட் போட்டா முடிஞ்சுதே என்று தோணும். முடியாது. சாரல் அடிக்கும், ஷீட் சத்தத்தில் பேச முடியாது, பலத்த காற்று வந்தால் ஷீட்டே பறக்கும். இதையெல்லாம் சமாளிக்கிற மாதிரி ஒரு மழைக்கால இருக்கையை எப்படி அமைக்கிறது? பார்க்கலாம்.

மழை எந்தப் பக்கம் இருந்து வருது?

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் கொட்டும். நாம மழை மறைவுப் பகுதி. நமக்கு வருவது பெரும்பாலும் காற்றுதான். இதைத் தவிர ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை உண்டு. கொஞ்ச நேரம்தான் பெய்யும். ஆனா இடி, மின்னல், சூறைக்காற்று எல்லாத்தோடயும் சேர்ந்து வரும்.

அதனால் நம்ம ஊருக்கு மறைக்க வேண்டிய பக்கங்கள் இரண்டு. பருவமழைச் சாரலுக்கு வடக்கும் கிழக்கும். ஆடிக் காற்றுக்கும் மலைப்பக்கமிருந்து வரும் மழைக்கும் மேற்கு. வீட்டுச் சுவரோ காம்பவுண்டு சுவரோ இதில் ஒரு பக்கத்தை ஏற்கெனவே மறைத்தால் வேலை பாதி முடிஞ்ச மாதிரி. ஆனா ஒவ்வொரு தெருவிலும் காற்று கொஞ்சம் மாறும். எனவே கட்டுவதற்கு முன் இரண்டு, மூன்று மழைக்கு வெளியே எட்டிப் பாருங்க. காம்பவுண்டு சுவரின் எந்தப் பக்கம் முதலில் நனைகிறது என்று கவனிச்சாலே போதும்.

திண்ணையும் தாழ்வாரமும் சொல்லித் தரும் பாடம்

இது புதுப் பிரச்னை இல்லை. மழையில் நனையாம வெளியே உட்கார நம்ம ஆட்கள் கண்டுபிடிச்ச விஷயம்தான் திண்ணை. அதில் மூன்று விஷயங்கள் கவனிக்கணும். ஒன்று, தெருத் தண்ணீர் ஏறாத அளவுக்கு உயரம். இரண்டு, முதுகுக்குப் பின்னால் ஒரு திடமான சுவர். மூன்று, முன்னால் தாழ இறங்கி வரும் ஓட்டுக் கூரை. தாழ்வாரம் என்ற பேரிலேயே அந்தத் தாழ்வு இருக்கு. பழைய வீட்டு வாசலில் குனிந்து நுழைவது மரியாதைக்காக என்று சொல்வார்கள். சாரல் உள்ளே வராததற்கும் காரணம் அதேதான்.

கேரள வீடுகளின் பூமுகத்தில் சாய்ந்து உட்கார வைத்திருக்கும் சாருபடி, ஜப்பானிய வீடுகளில் தோட்டத்தைப் பார்த்தபடி ஓடும் எங்காவா என்ற மரத் தாழ்வாரம் என மழை அதிகம் பார்த்த ஊர்கள் எல்லாம் இதே முடிவுக்குத்தான் வந்திருக்கின்றன. இப்போ நாம போடும் ஷெட்டில் நடப்பது நேர் எதிர். பார்க்க 'ஓப்பனா' இருக்கணும் என்று கூரையை 9, 10 அடிக்குத் தூக்கிவிடுகிறோம்.

கூரை உயரம்: இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க

காற்றோடு வரும் மழை 45 டிகிரி சாய்வில் விழுது என்று வைத்துக்கொள்வோம். அப்போ கூரை விளிம்பு எத்தனை அடி உயரத்தில் இருக்கோ, அத்தனை அடி தூரம் தரை உள்ளே நனையும்.

* விளிம்பு உயரம் 9 அடி, ஷெட்டின் அகலம் 10 அடி: 9 அடி நனைஞ்சு 1 அடி மட்டும் காய்ஞ்சிருக்கும். ஒரு நாற்காலிகூடப் போட முடியாது.
* அதே அகலம், விளிம்பு உயரம் 6½ அடி: 3½ அடி காய்ஞ்சிருக்கும். சுவரை ஒட்டி ஒரு பெஞ்ச் தாராளமாப் போடலாம்.

எனவே விளிம்பு 6½ அடியில் இருக்கட்டும். தலை இடிக்காது. உயரம் வேண்டும் என்றால் நடு முகட்டில் ஏற்றிக்கலாம். பெஞ்சை மழை வரும் பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கத்தில், முடிந்தால் சுவரோடு சேர்த்துப் போடுங்க.

மழை வரும் பக்கத்துக்கு மூங்கில் தட்டி நல்ல தீர்வு. மழை வந்தால் இறக்கலாம், நின்றால் சுருட்டிக் கட்டலாம். நிரந்தரமா வேண்டும் என்றால் கம்பி வலை அடித்து அதில் முல்லை, சங்குப்பூ, ரங்கூன் மல்லி ஏற்றிவிடலாம். கொடி சாரலை முழுசா நிறுத்தாது. ஆனா வேகத்தை நல்லாவே குறைக்கும். பெரியாழ்வார் நந்தவனம் வைத்த ஊரில் பூக்கொடிக்கு யாரும் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை!

கூரைக்கு எது சரி?

ஓடு: மழைச் சத்தம் குறைவு, வெயிலிலும் சூடு குறைவு. ஆனா எடை அதிகம், சரிவும் அதிகம் வேண்டும். 30 டிகிரி சரிவு கொடுத்தால் தண்ணீர் உள்ளே ஏறாது. 10 அடி அகலத்துக்கு இரண்டு பக்கச் சரிவாப் போட்டால், 6½ அடி விளிம்பிலிருந்து முகடு ஏறத்தாழ 9½ அடி வரும். பழைய வீடு இடிக்கும் இடங்களில் நல்ல மங்களூர் ஓடு கிடைத்தால் வாங்கலாம். விரலால் தட்டிப் பாருங்க. கணீர் என்று ஒலித்தால் எடுக்கலாம். மந்தமா ஒலித்தால் விரிசல் இருக்கலாம்.

கலர் ஷீட்: எடை குறைவு, வேலை சீக்கிரம் முடியும். 10 டிகிரி சரிவு போதும். அதாவது 10 அடிக்கு ஒன்றேமுக்கால் அடி ஏற்றம். பிரச்னை சத்தம். பலத்த மழையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. ஆபீஸ் மீட்டிங் என்றால் மறந்துடுங்க. ஷீட்டுக்கு அடியில் ஃபோம் ஒட்டியதை வாங்கினால் சத்தமும் சூடும் குறையும்.

பாலிகார்பனேட்: வெளிச்சம் வரும், மழையைப் பார்க்க அழகா இருக்கும். ஆனா நம்ம வெயிலில் பகலில் அடியில் உட்கார முடியாது. வாங்குவதாக இருந்தால் புற ஊதாக் கதிர் தடுப்புப் பூச்சு உள்ளதா என்று கேளுங்க. அந்தப் பக்கம்தான் மேலே இருக்கணும். மாற்றிப் போட்டால் சீக்கிரமே மஞ்சளாகி உடையும்.

தென்னங்கீற்று, பனை ஓலை: குளிர்ச்சிக்கும் அமைதிக்கும் இதை அடிச்சுக்க ஆள் இல்லை. ஆனா திரும்பத் திரும்ப வேயணும். தீ அபாயமும் உண்டு. 2004-ல் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தது கீற்றுக் கூரையால்தான் அத்தனை வேகமாப் பரவியது. எனவே சமையலறை, அடுப்பு, மின் ஒயர் பக்கத்தில் கீற்று வேண்டாம். தீபாவளி ராக்கெட்டையும் யோசிச்சுக்கோங்க.

ஆஸ்பெஸ்டாஸ்: பழைய ஷீட் சும்மா கிடக்குதே என்று எடுத்துப் போடாதீர்கள். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதை அறுப்பதும் துளை போடுவதும்தான் ரொம்ப ஆபத்து.

காற்று ஷீட்டைத் தூக்காம இருக்க

பலரும் கூரையின் எடையைத் தாங்கும் தூணைப் பற்றி மட்டும்தான் யோசிப்பார்கள். திறந்த ஷெட்டில் பெரிய பிரச்னை, அடியில் புகுந்த காற்று கூரையை மேலே தூக்குவதுதான்.

ஒரு தோராயக் கணக்கு. 10க்கு 12 அடி கூரை என்பது சுமார் 11 சதுர மீட்டர். 60 கி.மீ. வேகக் காற்று அதை 190 கிலோ அளவு விசையோடு மேலே தள்ள முடியும். கலர் ஷீட்டின் மொத்த எடையே 50 கிலோ பக்கம்தான். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875, மதுரையில் கட்டும் கட்டடங்களுக்கு அடிப்படைக் காற்று வேகமா விநாடிக்கு 39 மீட்டரை வைக்கச் சொல்கிறது. அதாவது மணிக்கு சுமார் 140 கி.மீ. அந்த வேகத்தில் தூக்கு விசை ஒரு டன்னைத் தாண்டும்.

தீர்வு சிம்பிள். ஒவ்வொரு தூணுக்கும் ஒன்றரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி ஆழத்தில் கான்கிரீட் போட்டால் ஒவ்வொன்றும் 300 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். நாலு தூணுக்கு 1.2 டன். தூண், சட்டம், ஷீட் மூன்றும் போல்ட்டாலும் திருகாலும் ஒன்றோடொன்று இறுகி இருக்கணும். வெறும் கம்பியால் கட்டி, மேலே நாலு செங்கல் வைப்பது வேலைக்கு ஆகாது. காற்றில் பறக்கும் ஷீட் பக்கத்து வீட்டில் யார் மீதாவது விழுந்தால் என்ன ஆகும் என்று யோசிங்க.

தரையும் இருக்கையும்

தோட்ட மட்டத்தை விடத் தரை ஓர் அடி உயரமா இருக்கட்டும். வெளிப்பக்கமா லேசான சரிவு வேண்டும். 10 அடிக்கு ஒன்று முதல் இரண்டு அங்குலம் போதும். உங்க மனை கரிசல் மண் என்றால் இன்னும் கவனம். ஈரத்தில் அது உப்பும், வெயிலில் சுருங்கும், மேலே போட்ட தரை வெடிக்கும். கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு, கிராவல் நிரப்பி நல்லா திமிசு போட்ட பிறகே தரை போடணும்.

பளபள டைல்ஸும் பாலிஷ் போட்ட கிரானைட்டும் வேண்டவே வேண்டாம். ஈரத்தில் வழுக்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஒரு சறுக்கல் போதும், இடுப்பு எலும்பு முறியும். சொரசொரப்பான கல்லே நல்லது. படிக்கு ஒரு கைப்பிடிக் கம்பியும் வைத்துவிடுங்க.

இருக்கைக்குக் கருங்கல் பெஞ்சோ, செங்கல்லில் கட்டிய சின்னத் திண்ணையோ போதும். குஷன் சோபா மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். தேவைப்படும்போது ஒரு பாயோ ஜமக்காளமோ விரிச்சு, எழும்போது எடுத்து வந்துடலாம்.

இடி இடிச்சா எழுந்து உள்ளே போயிடுங்க

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் திறந்த கூரை மழைக்குத்தான் பாதுகாப்பு. மின்னலுக்கு இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி 2,800-க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள்.

மின்னல் தெரிந்ததும் எண்ண ஆரம்பிங்க. 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால், மின்னல் 10 கி.மீ. தூரத்துக்குள் இருக்கிறது. உடனே வீட்டுக்குள் போகணும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் வெளியே வரணும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' ஆப் போனில் இருந்தால், சுற்றுவட்டாரத்தில் மின்னல் இருந்தாலே எச்சரிக்கை வரும்.

தனியா உயரமா நிற்கும் தென்னைக்கு அடியில் இருக்கையே போடாதீங்க. மின்னல், மட்டை, தேங்காய் மூன்றுமே தலைக்கு மேல். முருங்கையும் வேண்டாம். லேசான காற்றுக்கே கிளை முறியும்.

கொசு, பாம்பு, கரன்ட்

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். சுத்தமான தேங்கிய தண்ணீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, தார்ப்பாய் மடிப்பு, பழைய டயர் எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை கவிழ்த்துக் காய விடுங்க.

பெஞ்சுக்கு அடியில் விறகு, செங்கல், தேங்காய் மட்டை அடுக்கி வைக்காதீங்க. எலி வரும், அதைத் தேடிப் பாம்பு வரும். இருட்டின பிறகு டார்ச் இல்லாம போக வேண்டாம். யாரையாவது கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். அசையாம வைத்து, 108-க்கு போன் பண்ணி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்க.

வெளி விளக்குக்கு ஐபி65 தரம் உள்ளதா என்று பார்த்து வாங்குங்க. மின் கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அந்த லைனில் இருக்கணும். வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து வந்து லேப்டாப் சார்ஜ் போடுவது மழையில் உயிரோடு விளையாடுவது.

கூரைத் தண்ணீர் யாருக்கு?

ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். நம்ம 11 சதுர மீட்டர் கூரையில் 5 செ.மீ. மழை பெய்தால் 550 லிட்டர். வழியில் வீணாவது போக 400 லிட்டராவது மிஞ்சும். பாதியா அறுத்த பிவிசி பைப்பைக் கூரை விளிம்பில் மாட்டி, மூடி போட்ட டிரம்முக்கோ கிணற்றுக்கோ மழைநீர்த் தொட்டிக்கோ விடலாம். முதல் மழைத் தண்ணீரை மட்டும் தோட்டத்துக்கே விட்டுடுங்க. அதில் தூசியும் பறவை எச்சமும் இருக்கும். தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயம் ஆகிவிட்டது. இந்தச் சின்னக் கூரையையும் அதே தொட்டியில் இணைக்கலாம்.

அனுமதி வேண்டுமா? வாடகை வீடு என்றால்?

வீட்டைச் சுற்றி விட வேண்டிய காலி இடத்துக்கு 2019-ம் ஆண்டு கட்டட விதிகளில் கணக்கு இருக்கிறது. அங்கே நிரந்தரக் கூரை போடுவதற்கு முன் நகராட்சியிலோ ஊராட்சியிலோ ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. உங்க கூரைத் தண்ணீர் பக்கத்து வீட்டு மனையில் விழக் கூடாது. தெருவில் பாதிச் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.

வாடகை வீடு என்றால் சுவரிலிருந்து கயிறு கட்டி ஒரு தார்ப்பாய் போதும். ஆனா நல்லா சாய்ச்சுக் கட்டுங்க. தட்டையாக் கட்டினால் நடுவில் தண்ணீர் தேங்கும். ஒரு சதுர மீட்டரில் ஓர் அங்குலம் தண்ணீர் நின்றாலே 25 கிலோ. பலத்த காற்று எச்சரிக்கை வந்தால் அவிழ்த்து வைத்துடுங்க.

சுருக்கமா...

விளிம்பு தாழ்வா, தரை உயரமா, முதுகுக்குப் பின்னால் சுவர், தூணுக்கு அடியில் கனமான கான்கிரீட். இந்த நாலும் சரியா இருந்தால் கூரைக்கு எதைப் போட்டாலும் பெரும்பாலான மழைக்கு உட்காரலாம். வேலையை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடிச்சுடுங்க. அக்டோபரில் மழை ஆரம்பித்துவிட்டால் கொத்தனாரும் கிடைக்க மாட்டார், கான்கிரீட்டும் சரியா காயாது.