அந்த ஆண்டுகளை என்னவென்று எழுதுவது?

விண்ணப்பம் எழுத உதவி கேட்டு வரும் சகோதரிகள் பலர் ஒரே இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். பாடசாலையை விட்ட ஆண்டை எழுதியாயிற்று. அதன்பின் 2009 வரை என்ன செய்தேன் என்று எழுதுவது?

போர் முடிந்தபின் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களில் 2,000 பேருக்கு மேல் பெண்கள். நானும் ஒருத்தி. வழங்கல் பகுதியில் ஏழு ஆண்டுகள் அரிசிக்கும் மருந்துக்கும் வரவு செலவு எழுதி இருப்புப் பார்த்தவள். நிலையத்தில் தையல் பழக்கினார்கள். வெளியே வந்தால் ஒழுங்கைக்கு ஒழுங்கை தையற்காரி. கணக்கெழுத ஆள் தேவை என்ற ஒரு கடைக்குப் போனேன். "பிள்ளை, உன்னை வைத்திருந்தால் விசாரிக்க ஆட்கள் வருவார்கள்" என்று முதலாளி அனுப்பிவிட்டார். இன்று தென்மராட்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருக்கிறேன். இடையில் நான் படித்துக்கொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, இருந்த இடத்தை அல்ல, செய்த வேலையை எழுதுங்கள். காயக்காரரைப் பராமரித்தவருக்கு முதலுதவியும் நோயாளர் பராமரிப்பும் தெரியும். நூறு பேருக்குச் சமைத்தவர் ஒரு விடுதிச் சமையலறையை நடத்தலாம். வாகனம் ஓட்டியவர் சாரதி. அமெரிக்காவில் படையை விட்டு வருவோருக்கு, படைவேலையை ஊர்வேலையின் பெயருக்கு மாற்றிக் காட்டும் பட்டியலே உண்டு. எங்களுக்கு அப்படி ஒன்றில்லை. நாங்களே கொப்பியில் எழுதிப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, தெரிந்த தொழிலுக்குச் சான்றிதழ் எடுங்கள். என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற் தகைமையில் 7 மட்டங்கள் உண்டு. வகுப்புக்குப் போகாமலே, பழகிய தொழிலைச் செய்துகாட்டிச் சான்றிதழ் பெறும் வழியும் அதில் இருக்கிறது. நைற்றா நிறுவனத்தில் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் மனிதவலு வேலைவாய்ப்பு உத்தியோகத்தரைச் சந்தித்தால் வழிகாட்டுவார்.

மூன்றாவது, நேர்முகத்தில் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். ஊரில் எதுவும் மறைந்திருக்காது. பிறகு தெரியவந்தால் பொய் சொன்னவள் என்ற பெயரும் சேரும். "இயக்கத்தில் இருந்தேன், புனர்வாழ்வு முடித்து விடுவிக்கப்பட்டேன், கடிதம் இருக்கிறது" என்று இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டு, உங்களால் செய்யக்கூடிய வேலைக்குக் கதையைக் கொண்டுவாருங்கள். போர்க்கதை சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. உடம்பில் சன்னமோ பழைய காயமோ இருந்தால், எவ்வளவு நேரம் நிற்கலாம், எவ்வளவு பாரம் தூக்கலாம் என்பதை வேலையில் சேருமுன்னரே சொல்லிவிடுங்கள்.

நான்காவது, கிடைத்த வேலை நாளை முடிந்தாலும் கையில் ஏதாவது மிஞ்சவேண்டும். முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலையில் எங்கள் பெண்கள் பலர் சேர்ந்தார்கள். கணவனை இழந்தவர்களும் அதில் இருந்தார்கள். மாதச் சம்பளம் உண்டு. ஆனால் இலங்கை 2017 இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்த நாடு. வெடிகள் முடிய அந்த வேலையும் முடியும். அப்படிப்பட்ட வேலையில் இருப்பவர்கள் என்ன வேலை, எத்தனை ஆண்டு என்று எழுதிய சேவைக் கடிதத்தை இப்போதே கேட்டு வாங்கிவையுங்கள். வாய்ப்பிருந்தால் சாரதி அனுமதிப்பத்திரமும் எடுங்கள்.

கடைசியாக, சம்பளத்தைப் பற்றி. "உனக்கு வேலை தந்ததே பெரிது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 கழிப்பார்கள். முதலாளி 12 போடவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 அவர் போடவேண்டும். நாட்சம்பளக்காரருக்கும் இது உரியது. முதல் மாதமே அங்கத்துவ இலக்கத்தைக் கேளுங்கள். தராவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். அது யாரும் இரங்கித் தரும் உதவி அல்ல, உழைத்தவளின் காசு.