தேக உழைப்பும் இருதய நலமும்

வயலில் பாடுபடுகிறவருக்குத் தேகப்பயிற்சி எதற்கு என்னும் கேள்வி நம் கிராமங்களில் அடிக்கடி எழுகிறது. மாரடைப்பு நகரத்தாரின் நோய் என்ற எண்ணமே இதற்குக் காரணம். இவ்வெண்ணம் இன்றைய நிலைக்குப் பொருந்துமா என்று நாம் ஆராய்தல் அவசியம்.

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் நெல் விளைகிறது. உழவு, மரமடி, நடவு, அறுவடை, சூடடிப்பு ஆகிய யாவும் முன்பு மனிதரும் மாடும் செய்த வேலைகள். இன்று டிராக்டர் உழுகிறது. அறுவடை இயந்திரம் கதிரை அறுத்து நெல்லைப் பிரித்தும் தருகிறது. வயலுக்கு நடந்து சென்றவர் மோட்டார் சைக்கிளில் செல்கிறார். இடுப்பொடியும் பாடு குறைந்தது நன்மையே. ஆயினும் உழைப்பு குறைந்த அளவுக்கு உணவு குறையவில்லை. மேலும், நடவுக்கும் அறுவடைக்கும் இடையே வேலை குறைந்த வாரங்கள் பல உண்டு. இருதயத்துக்கோ ஆண்டு முழுவதும் பயிற்சி வேண்டும்.

இருதயம் கைமுஷ்டியளவான ஒரு தசை. ஓய்வில் இருக்கும்போது அது நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. நாள்தோறும் பயிற்சி பெறும் இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை அனுப்ப வல்லது. ஆகவே ஓய்வில் குறைவாகத் துடித்தாலே அதற்குப் போதும். இரத்தக் குழாய்கள் நெகிழ்ந்து இரத்த அழுத்தம் தணிகிறது. தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவிடுவதால் நீரிழிவும் கட்டுக்குள் நிற்கிறது. நல்ல உறக்கமும் மனத்தெளிவும் உடன் வரும் பயன்கள்.

இதனை விளக்க ஓர் ஆராய்ச்சியைக் கூறலாம். லண்டன் மாநகரத்து இரட்டை மாடிப் பஸ்களில் வேலை செய்தவர்களை ஜெர்மி மாரிஸ் என்னும் மருத்துவர் ஆராய்ந்து, 1953-ல் முடிவுகளை வெளியிட்டார். நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாக இருந்தது. அதே பஸ், அதே பாதை. ஆயினும் ஒருவர் உட்கார்ந்தார், மற்றவர் நடந்தார்.

வயதுவந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உழைப்பு மேற்கொள்ள வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020-ல் அறிவுறுத்தியது. வாரத்தில் ஐந்து நாட்கள் அரைமணி நேரம் விரைந்து நடந்தாலே 150 நிமிடங்கள் ஆகிவிடும். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்னும் அளவே ஏற்ற வேகம். மண்வெட்டி வேலையும் சைக்கிள் மிதிப்பதும் இக்கணக்கில் சேரும். இருதய நோயோ நீரிழிவோ உள்ளவர்கள் மருத்துவரைக் கலந்தபின் தொடங்குதல் நன்று. நடக்கையில் மார்பில் இறுக்கமோ, இடக்கையில் வலியோ, காரணமற்ற வியர்வையோ தோன்றினால் உடனே நின்று, 108 எண்ணுக்குத் தகவல் தர வேண்டும். வாயு என்று கருதிக் காலம் கடத்துவது உயிருக்கே ஆபத்தாகும்.

தமிழ்நாடு அரசு 4-11-2023 அன்று ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை வகுத்தது. அத்தகைய பாதை ஒவ்வொரு கிராமத்திலும் அமைதல் வேண்டும். நம் மாவட்டத்தில் குளங்களுக்குக் குறைவில்லை. குளத்தங்கரையில் முள்ளை அகற்றிச் சமன்படுத்தி, இரண்டொரு விளக்குகள் பொருத்தினால் நல்ல நடைபாதை கிடைத்துவிடும். நீர்வளத் துறையின் பொறுப்பிலுள்ள குளமாயின் அத்துறையின் அனுமதியை முன்னதாகப் பெறுக. வெளிச்சமும் பாதுகாப்பும் இருந்தாலன்றிப் பெண்கள் நடக்க வரமாட்டார்கள் என்பதையும் பஞ்சாயத்தார் மனத்திற் கொள்ள வேண்டும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் சாலை, குடிநீர் ஆகியவற்றுடன் இதனையும் ஒரு பொருளாக வைத்துத் தீர்மானியுங்கள். குடும்பத் தலைவர் நடுவயதில் வீழ்ந்தால் நிலம் ஒற்றிக்குப் போகிறது, பிள்ளைகளின் படிப்பு நிற்கிறது. அதனைத் தடுக்க உதவும் அரைமணி நேர நடைக்கு வழி செய்து தருவதும் கிராம அபிவிருத்தியே ஆகும்.