யாரும் மூட்டாத தீ

ஒரு தச்சுப் பட்டறையை நினைத்துப் பாருங்கள். மாலை ஐந்து மணி. புதிதாகச் செய்த மேசைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசி மெருகேற்றும் வேலை முடிந்துவிட்டது. எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டார்கள். மின்சாரத்தை நிறுத்தினார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள். உள்ளே அடுப்பு இல்லை, பீடி, சிகரெட் இல்லை, ஆளே இல்லை. ஆனால் இரவில் பட்டறை பற்றி எரிகிறது! தீயை மூட்டியவர் யார்?

யாரும் மூட்டவில்லை. மூலையில் கிடந்த துணி தானாகவே தீப்பற்றிக்கொண்டது.

இது கட்டுக்கதை அன்று. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ‘ஒன் மெரிடியன் பிளாசா’ என்ற 38 மாடிக் கட்டடம் இருந்தது. 1991 பிப்ரவரி 23 அன்று இரவு அதன் 22-ஆவது மாடியில் தீப்பிடித்தது. மரவேலைப்பாடுகளுக்கு மெருகேற்றியவர்கள் விட்டுச்சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகளே அதற்குக் காரணம். சுமார் 19 மணி நேரம் தீ எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிரிழந்தனர். அந்தக் கட்டடம் மீண்டும் பயன்படவே இல்லை, பின்னர் இடிக்கப்பட்டது.

உலர்வதும் எரிவதும்

துணியில் தேங்காய் எண்ணெய் பட்டால் அது நாள் கணக்கில் பிசுபிசுப்பாகவே இருக்கும். ஆளிவிதை எண்ணெயோ சில நாள்களில் கெட்டியான படலமாகிவிடும். ஏன் இந்த வேறுபாடு?

ஈரத் துணி உலரும்போது நீர் ஆவியாகிப் போய்விடுகிறது. ஆளிவிதை எண்ணெய் அப்படி உலர்வதில்லை. அதன் மூலக்கூறுகளில் கார்பன் அணுக்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்புகள் நிறைய உள்ளன. அவற்றின் உதவியால் அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிகிறது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலைபோல ஆகின்றன. அதனால் உலரும்போது அதன் எடை குறைவதற்குப் பதில் சற்றுக் கூடவும் செய்கிறது! தேங்காய் எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் மிகக் குறைவு. ஆகவே அது இப்படி உலர்வதில்லை.

ஆக்சிஜனோடு சேரும் இந்த வினையில் வெப்பம் வெளிப்படுகிறது. விறகு எரிவதும் ஆக்சிஜனோடு சேரும் வினைதானே? அது விரைவாக நடக்கிறது. இது மெதுவாக நடக்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

மேசைப் பலகையில் மெல்லியதாகப் பூசிய எண்ணெயால் ஆபத்து இல்லை. உண்டாகும் வெப்பம் அப்போதைக்கப்போது காற்றில் கலந்துவிடும். சுருட்டிப் போட்ட துணியில் நிலைமை வேறு. நூலிழைகள் எங்கும் எண்ணெய் பரவியிருப்பதால், வினை நடக்கும் பரப்பு மிகப் பெரிது. மடிப்புகளுக்குள் ஆக்சிஜன் இருக்கிறது. ஆனால் பஞ்சுத் துணி வெப்பத்தை எளிதில் கடத்தாது.

ஒரு சிறிய கணக்குப் போடுவோம். 10 செ.மீ. பக்கமுள்ள கனசதுரமாக ஒரு துணிக் குவியல் இருப்பதாகக் கொள்வோம். பக்கத்தை 20 செ.மீ. ஆக்கினால் கன அளவு 8 மடங்காகும். மேற்பரப்போ 4 மடங்குதான் ஆகும். வெப்பம் உண்டாவது குவியல் முழுவதிலும். வெளியேறுவது மேற்பரப்பின் வழியாக மட்டுமே. ஆகவே குவியல் பெரிதாகும்போது வரவு கூடுகிறது, செலவு அந்த அளவுக்குக் கூடவில்லை. வெப்பம் உள்ளேயே தங்குகிறது.

வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் பல வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். வேகம் கூடினால் வெப்பம் கூடும். வெப்பம் கூடினால் வேகம் மேலும் கூடும். வட்டிக்கு வட்டி ஏறும் கடன் போன்றது இது. சில மணி நேரத்தில் துணியின் நடுப்பகுதி கருகிக் கனன்று தீயாகிவிடுகிறது.

பலர் கூடும் பட்டறை

அமெரிக்கா, ஐரோப்பா போன்ற இடங்களில் பொதுப் பட்டறைகள் பல உள்ளன. கடைசல் எந்திரமோ வெல்டிங் கருவியோ தனியாக வாங்க இயலாதவர்கள் பலர் கூடி, வாடகையைப் பகிர்ந்துகொண்டு, ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒருவருடைய மரத்தூளும், மற்றொருவருடைய தின்னரும், இன்னொருவருடைய வெல்டிங் பொறியும் அங்கே அண்டை வீட்டுக்காரர்கள் ஆகிவிடுகின்றன. காலையில் எண்ணெய் பூசியவர் போன பிறகு மாலையில் வேறொருவர் வருகிறார். மூலையில் கிடக்கும் துணி யாருடையது, அதில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. ‘யாராவது எடுத்துப் போடுவார்கள்’ என்று எல்லோரும் நினைத்தால் யாரும் எடுத்துப் போடமாட்டார்கள்.

அப்படிப்பட்ட பட்டறை எரிந்தால் இழப்பு ஒருவரோடு நிற்பதில்லை. பல குடும்பங்களின் பிழைப்புக் கருவிகளும், பல ஆண்டு உழைப்பும் ஒரே இரவில் சாம்பலாகின்றன. சில சமயம் உயிர்களும் போகின்றன.

அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் ‘கோஸ்ட் ஷிப்’ என்ற பழைய கிடங்கைக் கலைஞர்கள் பலர் பணியிடமாகவும் தங்குமிடமாகவும் வைத்திருந்தனர். மரச்சாமான்களும் கலைப்பொருள்களும் அங்கே நிறைந்திருந்தன. 2016 டிசம்பர் 2 இரவு மாடியில் இசை நிகழ்ச்சி நடந்தபோது தீப்பிடித்தது. 36 பேர் இறந்தனர். தீ எதனால் தொடங்கியது என்பதை விசாரணை அதிகாரிகளால் உறுதிசெய்ய முடியவில்லை. ஆனால் தப்ப முடியாமற்போன காரணங்கள் தெளிவாகத் தெரிந்தன. எச்சரிக்கை மணி இல்லை. நீர்த்தெளிப்பான் இல்லை. மாடியிலிருந்து இறங்கிய இரு படிகளும் நேராக வெளியே செல்லவில்லை. புகை அவர்களை முந்திக்கொண்டது.

பத்துத் தெளிப்பான்கள்

ஃபிலடெல்ஃபியா தீயை நிறுத்தியது எது தெரியுமா? 22-ஆவது மாடியிலிருந்து மேலேறிய தீ 30-ஆவது மாடியை எட்டியது. அந்த மாடியில் தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இருந்தன. பத்துத் தெளிப்பான்கள் திறந்துகொண்டு நீரைப் பொழிந்தன. தீ அங்கேயே நின்றது!

இந்தத் தெளிப்பான்களில் பல வகை உண்டு. ஒரு வகையில், நீர்வழியை அடைத்துக்கொண்டு திரவம் நிறைந்த சிறு கண்ணாடிக் குமிழ் ஒன்று இருக்கும். வெப்பம் சுமார் 68 டிகிரியை எட்டினால் திரவம் விரிந்து குமிழ் உடையும், நீர் பாயும். தீயருகே உள்ளவை மட்டுமே திறக்கும்.

எல்லாப் பட்டறைகளிலும் தெளிப்பான் வைக்கப் பணம் இராது. ஆனால் எண்ணெய்த் துணியை வெளியே தனித்தனியாக விரித்து உலர்த்தப் பணம் வேண்டாம். அல்லது நீர் நிரம்பிய உலோக வாளியில் அமிழ்த்தி மூடிவைக்கலாம். வெல்டிங் முடிந்ததும் அரைமணி நேரமாவது அங்கேயே இருந்து கவனிக்கலாம். தூளுக்குள் விழுந்த பொறி பிறகும் கனன்றுகொண்டிருக்கும். வெளியேறும் வழியில் ஒரு பலகைகூடச் சாய்த்து வைக்காமல் இருக்கலாம். இவற்றைப் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டுபவர் இன்று யார் என்று பெயரைக் கரும்பலகையில் எழுதிவைத்தால், எல்லோருடைய வேலையும் ஒருவருடைய வேலையாகிவிடும்.

உங்கள் பள்ளியின் கைத்தொழில் அறையிலோ, ஊர்ப் பட்டறையிலோ மூலையில் சுருண்டு கிடக்கும் எண்ணெய்த் துணியை இனிப் பார்த்தால், அது யாருடையது என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். பெரியவர்களிடம் உடனே சொல்லி, அதை வெளியே எடுத்து விரிக்கச் செய்யுங்கள்.